மலையகத் தமிழரிடையே தன்பாலீர்ப்பாளர்கள் குறித்த பார்வை உண்மையிலேயே மாறியிருக்கிறதா?

கேள்வி கேட்டவர், "கொழும்பில் மாறியிருக்கலாம், தோட்டப்புறத்தில் இன்றும் எதுவும் மாறியிருக்காது அல்லவா?" என்று சேர்த்து எழுதியிருக்கிறார். இலங்கையின் மலையகத்தில், ஹட்டனுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, இன்று அதே பகுதியில் ஆசிரியையாகப் பணிபுரியும் நான், எனக்கு மிக நெருக்கமாகத் தெரிந்த ஒரு வாழ்க்கையைக் கொண்டே இதற்குப் பதில் சொல்ல விரும்புகிறேன். அவர் என் அத்தை மகன். எனக்குப் பேசி முடிக்கப்பட்டிருந்த முறை மாப்பிள்ளை. அவருடைய சம்மதத்தைப் பெற்று, அவரை அடையாளம் காட்டக்கூடியவற்றை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

1997 தை மாதத்தில் எங்களுக்குப் பரிசம் போட்டார்கள். பங்குனியில் ஒரு மாலை, தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையிலிருந்து நான் குடத்துடன் திரும்பி வரும் வழியில் காத்திருந்தவர், "புள்ள, ஒன்ன ஏமாத்த எனக்கு மனசு வரல. பொம்பளைங்க மேல எனக்கு அந்த எண்ணம் வந்ததே இல்ல" என்றார். எனக்கு அப்போது இருபத்தொரு வயது. அவர் சொன்னதற்கு என்ன பெயர் என்பதுகூட எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் பையன்கள் ஒருவரையொருவர் ஏசப் பயன்படுத்திய "ஒம்போது" என்ற சொல் ஒன்றுதான் நினைவுக்கு வந்தது, அதுவும் அவருக்குப் பொருந்தவில்லை. அழுதுகொண்டே அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அம்மா திடுக்கிடவில்லை. அடுப்பை ஊதிக்கொண்டே, "தெரியும்டி. கட்டி வச்சா சரியாயிரும்னுதான் நெனச்சோம்" என்றார்.

இத்தனை ஆண்டுகளாக என்னை விட்டு அகலாதது அந்த வாக்கியம்தான். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஒரு குடும்பமே படுத்தெழும்பும், தொழிலாளர் வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கும் லயத்தில், அடுத்த வீட்டில் ஒருவர் இருமினால்கூட இந்தப் பக்கம் கேட்கும் சுவருக்கு நடுவில், ஒரு மனிதனைப் பற்றி ஊருக்குத் தெரியாமல் இருப்பது நடக்காத காரியம். எல்லோருக்கும் தெரிந்திருந்தது, காலையில் வேலைக்குக் கூடும் பிரட்டுக்களத்திலும் கொழுந்து நிறுக்கும் மடுவத்திலும் யாரும் அதைப் பேசவில்லை, அவ்வளவே. அந்த மௌனத்தைச் சகிப்புத்தன்மை என்று சிலர் புகழ்வதை நான் ஏற்கமாட்டேன். கலியாணம் கட்டிக்கொண்டால் மட்டுமே அது ஒருவரைக் காப்பாற்றியது. அந்தக் கலியாணத்தில் தன் வாழ்நாளைக் கொடுக்கப் போகிறவள் நான் என்பதை, என்னைப் பெற்றவர்கள்கூட எண்ணிப் பார்க்கவில்லை. அவர்மீது சில மாதங்கள் எனக்கிருந்த கோபம், அந்த மாலையில் உண்மையைச் சொன்ன ஒரே ஆள் அவர்தான் என்று விளங்கியபோது முற்றாகத் தீர்ந்துபோனது.

சாதகம் பொருந்தவில்லை என்று ஊருக்குச் சொல்லிக் கலியாணத்தை நிறுத்தினார்கள். அவர் கொழும்புக்குப் போய் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே அவரைச் சட்டம் தொட்ட விதத்தையும் சொல்ல வேண்டும். பிரித்தானியர் 1883இல் கொண்டுவந்த தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம் பிரிவும் 365அ பிரிவும்தான் இந்த நாட்டில் தன்பாலின உறவைக் குற்றமாக்குகின்றன. முதலாவதற்குப் பத்து ஆண்டுகள் வரையும் இரண்டாவதற்கு இரண்டு ஆண்டுகள் வரையும் சிறை உண்டு. ஆண்களை மட்டும் குறித்திருந்த 365அ பிரிவை 1995இல் திருத்தியபோது நீக்கியிருக்கலாம். மாறாக, "ஆண்" என்றிருந்ததை "ஆள்" என்று மாற்றிப் பெண்களையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். என் அத்தை மகன் ஒருநாளும் நீதிமன்றப் படி ஏறியதில்லை. ஆனால் ஒரே அறையில் தங்கியிருந்த ஒருவன், பொலிசில் சொல்லிவிடுவேன் என்று மிரட்டியே அவருடைய மூன்று மாதச் சம்பளத்தைப் பறித்துக்கொண்டான். "இந்தச் சட்டத்தில் இப்போது யாரைப் பிடிக்கிறார்கள், இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டுமே" என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

தோட்டத்தில் பேச்சு தொடங்கியது கொழும்பிலிருந்து வந்த செய்தியால் அல்ல. இலங்கையின் தலைமை நீதிமன்றமான உயர் நீதிமன்றம் 2016இல் ஒரு வழக்கில், வளர்ந்தவர்கள் இருவர் சம்மதத்துடன் கொள்ளும் உறவில் அரசு தலையிடக்கூடாது என்ற இன்றைய சிந்தனையைக் குறிப்பிட்டு, குற்றத்தீர்ப்பை அப்படியே விட்டு, சிறைத்தண்டனையை மட்டும் ஒத்திவைத்தது. எங்கள் லயத்தில் அதை அறிந்தவர் ஒருவர்கூட இல்லை. ஆனால் 2018 செப்டெம்பர் 6ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் அந்நாட்டுத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவிலிருந்து வயதுவந்தோரின் சம்மத உறவை விடுவித்த செய்தி, கூரைத் தகரத்தின்மேல் நிற்கும் டிஷ் வழியாக, தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியில், தமிழில், இரவுச் சோற்று நேரத்தில் வீட்டுக்குள் வந்தது. வசையாக அல்லாமல் ஒரு சொல் காதில் விழுந்தது அப்போதுதான். பின்னர் 2021இல், சென்னை உயர் நீதிமன்ற நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ், இவ்விடயத்தில் தமக்குப் போதிய அறிவு இல்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டறிந்த பிறகே தீர்ப்பெழுதினார் என்பதை நான் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கங்காணியாக இருந்து ஓய்வுபெற்றவர் அவர். "ஜட்ஜே படிச்சுத் தெரிஞ்சுக்கிறாருன்னா நாமளும் கேட்டுத் தெரிஞ்சுக்கலாம்" என்றார்.

2022 ஜூலையில் அத்தை இறந்தபோது நாட்டில் பெற்றோல் இல்லை. அத்தை மகன் கொழும்பிலிருந்து ரயிலில் வந்தார். அவருடன் பதினொரு ஆண்டுகளாக வாழும் துணைவர், குருநாகல் பக்கத்துச் சிங்களவர், கூடவே வந்தார். சாவு வீட்டில் யாரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை. குழி வெட்ட ஆண்கள் கிளம்பியபோது அவரும் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். மழையில் சரிந்த மண்ணை மற்றவர்களுடன் முறை வைத்து அள்ளினார். வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் இருந்த ஒரு பெரியவர் அப்பாவைப் பார்த்து, "இந்தத் தம்பி யாருங்க?" என்று கேட்டார். அப்பா சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மருமகனோட ஆளு. நம்ம வீட்டுப் பிள்ளதான்" என்றார். கேட்டவர் தலையசைத்துவிட்டு வெற்றிலையை மடித்துக்கொண்டார். இருபத்தைந்து ஆண்டுகளாக எல்லோரும் அறிந்தும் ஒருவரும் சொல்லாதிருந்ததை, ஊர் முன்னிலையில் முதன்முதலாகச் சொன்னவர் எழுபத்தெட்டு வயதான என் அப்பா. 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நாடற்றவராக வாழ்ந்தவர் அவர். பிறகு காரணம் கேட்டபோது, "ஒரு மனுசன நீ இல்லன்னு தாள்ல எழுதி வச்சா எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியும்மா" என்று மட்டும் சொன்னார்.

இதை வைத்து மலையகம் முழுவதும் மாறிவிட்டதென்று சொல்ல மாட்டேன். சென்ற ஆண்டு, எனக்குத் தெரிந்த பதினாறு வயதுப் பையனை, பேய் பிடித்திருக்கிறதென்று பூசாரி ஒருவரிடம் கொண்டுபோய் வேப்பிலையால் அடித்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 1990இலேயே தன்பாலீர்ப்பை நோய்ப்பட்டியலிலிருந்து நீக்கிவிட்டதை நான் அந்தத் தாயிடம் எடுத்துச் சொன்னேன். அவருக்கு அந்தத் தகவலைவிட, என் அத்தை மகன் இன்று நன்றாக இருக்கிறார் என்று கேட்டதே பெரிய ஆறுதலாக இருந்தது. பெண்களின் நிலை இன்னும் கடினமானது. கொழுந்து பறித்து நாட்கூலி வாங்கும் பெண், தன் சம்பளத்தைத் தானே கையில் வைத்துக்கொள்ள முடியாத வீட்டில், தனக்குக் கலியாணம் வேண்டாம் என்று எந்தத் துணிவில் சொல்வாள்?

தன்பாலின உறவைக் குற்றமாக்கும் சட்டத்தை நீக்குவதற்கு அப்போதைய பாராளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் தொலவத்த 2023இல் கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று உயர் நீதிமன்றம் அதே ஆண்டு மே மாதத்தில் தீர்மானித்தது. அது நிறைவேறாமலேயே 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. அத்தையின் திவசத்துக்கு அவர்கள் இருவரும் ஆண்டுதோறும் வருகிறார்கள். என் மகள் இருவரையும் மாமா என்றே அழைக்கிறாள். கேள்வி கேட்டவர் மாறியிருக்கும் என்று நம்பும் கொழும்பில், அவர்கள் குடியிருக்கும் வாடகை வீட்டின் உரிமையாளரிடம் மட்டும், ஒரே கடையில் வேலை செய்யும் நண்பர்கள் என்று இன்றும் சொல்லிவைத்திருக்கிறார்கள்.