செல்லுக்குள் சாரம்: கேள்வி பதில்

பிளஸ் டூ மாணவி: சார், பாக்டீரியாவுக்கு செல் எலும்புக்கூடு, அதாவது செல்லுக்கு வடிவம் தரும் புரத இழைகள், கிடையாது என்று நோட்ஸில் இருக்கிறது. சரிதானா?

பழைய நோட்ஸாக இருக்கும். 1991இல் பை, லுட்கன்ஹாஸ் இருவரும், ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா இரண்டாகப் பிரியும் இடத்தில் எஃப்டிஎஸ்-இசட் என்ற புரதம் வளையமாகக் கூடுவதைக் காட்டினார்கள். 1998இல் அதன் முப்பரிமாண அமைப்பு வெளியானது. பார்த்தால், நம் செல்லில் நுண்குழல்களைக் கட்டும் புரதமான டியூபுலினின் அதே முகவெட்டு! 2001இல் எம்ஆர்இ-பி என்ற இன்னொரு பாக்டீரியப் புரதம், நம் செல்லின் மற்றொரு இழைப் புரதமான ஆக்டினின் உறவு என்பதும் தெரிந்தது.

‘எலும்புக்கூடு’ என்ற பெயர்தான் எனக்குப் பிடிக்காது. எலும்புக்கூடு என்றாலே அப்படியே நிற்பது என்றுதான் தோன்றும். இது கொத்தனார் கட்டும் சாரம் மாதிரி: ஒரு முனையில் கட்டிக்கொண்டே மறுமுனையில் அவிழ்ப்பார்கள்.

பள்ளி ஆசிரியர்: அமினோ அமில வரிசை ஒத்துப்போகவில்லையே, எப்படி உறவு என்கிறீர்கள்?

வரிசை அடையாளம் தெரியாத அளவுக்கு மாறிவிட்டது, உண்மைதான். ஆனால் புரதம் மடிந்திருக்கும் விதமும், ஜிடிபி (GTP) என்ற ஆற்றல் மூலக்கூறு அமரும் குழியும் மாறவில்லை.

மாறியது வேலை. நம் செல் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுப்பது டியூபுலின் இழைகள். செல்லின் இடுப்பை இறுக்கி இரண்டாக்குவது ஆக்டின் வளையம். பாக்டீரியாவில் அப்படியே தலைகீழ். டியூபுலினின் உறவான எஃப்டிஎஸ்-இசட் இடுப்பில் வளையம் போடுகிறது. ஆக்டினின் உறவான பார்-எம், ஆர்1 என்ற பிளாஸ்மிடின் (குரோமோசோமுக்கு வெளியே இருக்கும் சிறு டிஎன்ஏ வளையம்) இரு நகல்களையும் நீண்டு வளர்ந்தே செல்லின் இரு முனைக்கும் தள்ளுகிறது. இழையாக நீளத் தெரிந்த புரதத்தை எந்த வேலைக்கும் அமர்த்தலாம் போலிருக்கிறது.

எம்ஆர்இ-பி சுருள் கம்பி போல் செல்லைச் சுற்றியிருக்குமாமே?

முதலில் அப்படித்தான் நினைத்தோம். 2011இல் பார்த்தபோது, தனித்தனித் துண்டுகளாகச் சுவரோரம் சுற்றி வருவது தெரிந்தது. சுவர் கட்டும் நொதிகளும் கூடவே போகின்றன. ஏ22 மருந்தைக் கொடுத்து எம்ஆர்இ-பியை முடக்கினால், குச்சி வடிவ ஈ.கோலை உருண்டையாகிவிடும்.

ஆக்டின் இருந்தால், அதன் மேல் நகரும் மோட்டார் புரதமான மயோசினும் இருந்தாக வேண்டாமா?

வயிற்றுப்போக்கு தரும் ஒரு செல் ஒட்டுண்ணியான ஜியார்டியாவிடம் கேளுங்கள். ஆக்டின் உண்டு, மயோசின் இல்லை; ஆக்டின் இழையைத் தொடங்கிவைக்கும் புரதங்களான ஆர்ப்2/3 இல்லை, ஃபார்மினும் இல்லை. ஆனாலும் பிழைக்கிறது. குடல் சுவரைப் பற்றிக்கொள்ள, நுண்குழல்களால் ஆன வட்டு ஒன்று அதன் அடிப்பக்கத்தில் இருக்கிறது.

நம்முடைய ஆக்டின் எங்கிருந்து வந்தது?

ஆர்க்கியா வழியாக என்றுதான் சொல்வேன்; பார்க்க பாக்டீரியா போல் இருந்தாலும் அவை தனி இன நுண்ணுயிர்கள். 2015இல் வட அட்லாண்டிக் ஆழ்கடல் சேற்றில் கிடைத்த டிஎன்ஏவில் லோக்கி ஆர்க்கியா என்ற புதிய பிரிவு தெரியவந்தது. அதில் ஆக்டின் மரபணுவும் இருந்தது. மரபணு இருந்தால் ஆயிற்றா, இழை எங்கே என்று அப்போது நானும் கேட்டவன்தான். 2022இல் வியன்னாவில் கிறிஸ்டா ஷ்லெப்பர் குழுவினர் ஸ்லோவேனியக் கரையோரச் சேற்றிலிருந்து ஒரு லோக்கியை வளர்த்துக் காட்டினார்கள். செல்லிலிருந்து கொடி போல் நீளும் பகுதிகளுக்குள்ளும் ஆக்டின் இழைகள் ஓடின. அப்புறம் நான் வாயைத் திறக்கவில்லை.

அதே மாணவி: எங்கள் லேப் மைக்ராஸ்கோப்பில் தெரியுமா சார்?

நுண்குழலின் தடிமனே 25 நானோமீட்டர்தான், தனியாகத் தெரியாது. ஆனால் அது செய்யும் வேலை தெரியும். குளத்துத் தண்ணீரில் வைக்கோலைப் போட்டுச் சில நாள் வையுங்கள். பாரமீசியம் வந்தால், உடலோரம் படபடக்கும் குறுயிழைகளைப் பாருங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் சுற்றிலும் 9 ஜோடி, நடுவே 2 நுண்குழல்கள் இருக்கின்றன. வெளிச்சத்தைக் குறைத்துப் பார்த்தால் நன்றாகத் தெரியும்.