யாருடைய இரைச்சல்?

கேள்வி: மாலையில் மாம்பலம் ரயில் நிலையத்தில் இறங்கி, காதில் இசை ஓட, ரங்கநாதன் தெரு, உஸ்மான் சாலை வழியாக வீட்டுக்கு நடக்கிறேன். அந்த நெரிசல்கூட அழகாகத் தெரிகிறது. பாட்டை நிறுத்தினால் வெறும் இரைச்சல். மாறுவது நகரமா, நானா? (வாசகர் ஒருவர், சென்னை-17)

பதில்: நீங்கள்தான். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஒரு பெரியவரைத் திரையில் காட்டி வயலினை இழையவிட்டால், அவர் மகனைப் பறிகொடுத்தவர். தவிலை முழங்கவிட்டால், பேத்தி கல்யாணத்துக்குக் கிளம்பியவர். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஊமைப்படக் காலத்திலேயே கொட்டகைக்காரர்கள் இதை அறிந்து, திரைக்குப் பக்கத்தில் வாத்தியக்காரர்களை உட்காரவைத்தார்கள்.

ஆனால் ‘வெறும் இரைச்சல்’ என்கிறீர்களே, அதை விடமாட்டேன். முழம் இவ்வளவு என்று கூவும் பூக்காரி, கடை வாசலில் நின்று அழைக்கும் பையன், மின்சார ரயில் வந்து நிற்கும் ஓசை, முதுகுக்குப் பின்னால் அலறும் ஏர் ஹாரன் என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டீர்கள். முதல் மூன்றும் நகரம் பிழைப்பு நடத்தும் ஒலிகள். கடைசியாகச் சொன்னது சட்டமீறல். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் அதைத் தடை செய்கின்றன. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளோ குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், கடைத்தெருவுக்கு 65 என்று வரம்பு கட்டியிருக்கின்றன. இதை எழுதும்போதெல்லாம், “ஹாரன் அடிக்காமல் சென்னையில் வண்டி ஓட்ட முடியுமா?” என்று சண்டைக்கு வருகிறார்கள். முடியும். மருத்துவமனை வாசலில் ஹாரன் அடிப்பவருக்காக வாதாட இந்தப் பக்கத்தில் இடம் தரமாட்டேன்.

உங்கள் மீது எனக்குள்ள வருத்தமும் இதுதான். காதை அடைத்துக்கொண்டவர் புகார் எழுதுவதில்லை. அடைப்பதில் ஆபத்தும் உண்டு. ஓர் ஒலி இரண்டு காதுகளையும் எட்டும் நேரத்தில், ஆயிரத்தில் ஒரு நொடிக்கும் குறைவான வித்தியாசம் இருக்கிறது. பின்னால் வரும் பஸ் இடப்பக்கமா வலப்பக்கமா என்று மூளை கண்டுபிடிப்பதற்கு அது முக்கியமான தடயம். பாட்டுச் சத்தம் அதை மூழ்கடித்துவிடுகிறது.

1979-இல் சோனி வெளியிட்ட முதல் வாக்மேனில், அதாவது கையடக்க கேசட் கருவியில், இரண்டு பேர் சேர்ந்து கேட்க ஹெட்போன் செருகும் துளைகள் இரண்டு இருந்தன. ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொத்தானும் இருந்தது. அழுத்தினால் பாட்டு தணிந்து, வெளிக்குரல் ஒலிவாங்கி வழியே காதுக்கு வரும். ஒருவர் தனியாகக் காதை மூடிக்கொண்டு கேட்பது பக்கத்தில் இருப்பவருக்கு மரியாதைக் குறைவு என்று அந்நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவரான அகியோ மொரிட்டா நினைத்தார். பிறகு வந்த மாடல்களில் அந்தப் பொத்தான் போய்விட்டது. நல்லவேளையாக, இன்றைய இயர்போன்கள் பலவற்றில் வெளியொலியை உள்ளே விடும் வசதி திரும்பி வந்திருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு நடங்கள். ஏர் ஹாரன் கேட்டால் வண்டி எண்ணைக் குறித்துப் போக்குவரத்துக் காவல்துறைக்கு எழுதுங்கள். நகல் ஒன்று எனக்கும் வரட்டும். இந்தப் பக்கத்திலேயே போடுகிறேன்.