பெட்டிக்கு முன்னால் ஓலை

கேள்வி: எனக்கு வயது 56. தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்துவிட்டுப் போன வருஷம் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம் ஒரு கிராமம், இப்போது இருப்பது தாம்பரத்தில். என் ஆச்சி பேசிக்கொண்டே பனையோலையில் பெட்டி முடைந்துவிடுவார். அப்போது எனக்கு அதில் நாட்டமில்லை. போன மாதம் சென்னையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான்கு மணி நேர ஓலைப் பயிற்சி வகுப்புக்கு 1,800 ரூபாய் கட்டிப் போனேன். கையளவு பெட்டி ஒன்று முடைந்து கொண்டுவந்தேன், அவ்வளவு சந்தோஷம். பிறகு ஆன்லைனில் ஓலை வாங்கி வீட்டில் முயன்றால் ஒன்றும் வரவில்லை. மடக்குகிற இடமெல்லாம் வெடிக்கிறது, அடியில் ஓட்டை ஓட்டையாக நிற்கிறது. அதே இடத்தில் அடுத்து மேக்ரமே, குரோஷா, வாழைநார் வகுப்புகள் நடக்கப்போகின்றன. அவற்றில் எதிலாவது சேரட்டுமா? இந்த வயதுக்கு மேல் இதெல்லாம் கைக்கு வருமா? வந்தால் விற்க முடியுமா, பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கலாமா? "பிளாஸ்டிக் டப்பா ஐம்பது ரூபாய்க்குக் கிடைக்குதே" என்கிறார் என் கணவர்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தாம்பரம்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கையில் ஒரு குறையும் இல்லை. வகுப்பில் வந்தது வீட்டில் வராமல் போனதற்குக் காரணம், வகுப்பில் உங்கள் முன்னால் வைத்த ஓலை. நீங்கள் போய் உட்காரும் முன்பே அதில் முக்கால்வாசி வேலை முடிந்திருந்தது. மரமேறி யாரோ குருத்தை வெட்டி இறக்கியிருக்கிறார். இன்னொருவர் அதை விரித்து வெயிலில் காயவைத்து, இரவுப் பனியில் போட்டுப் பதமாக்கி, ஒவ்வொரு இதழிலும் நடு நரம்பான ஈர்க்கை உரித்தெடுத்திருக்கிறார். பிறகு அகலம் பிசகாமல் கீற்றுகளாக வார்ந்து, நுனியைக் கழித்து, காலையில் தண்ணீர் தெளித்து ஈரத்துணியில் சுற்றி வைத்திருக்கிறார். உலை கொதித்து, அரிசி களைந்து வைத்த பிறகு போய் நின்று சோறு ஆக்கிய மாதிரிதான் உங்கள் முதல் பெட்டி. நான்கு மணி நேரத்தில் அதற்கு மேல் யாராலும் சொல்லித்தர முடியாது என்பதால் வகுப்பு நடத்தியவர்களை நான் குறை சொல்லவில்லை. ஒன்றைத் தூக்கி ஒன்றை அமுக்குகிற அந்த ஓட்டம் உங்கள் விரலுக்குத் தெரிந்துவிட்டதே, அதற்கே அந்தக் காசு தகும்.

இனி நீங்கள் கற்கவேண்டியது ஓலையை. மிச்சமிருக்கும் ஆன்லைன் ஓலையில் ஒரு கீற்றை எடுத்துச் சுண்டுவிரலில் சுற்றிப் பாருங்கள். சுற்றி வந்தால் முடையலாம். நறுக்கென்று முறிந்தால் அது முற்றிய ஓலை, அல்லது அளவுக்கு மீறிக் காய்ந்த ஓலை. முற்றிய ஓலை கூரைக்கும் வேலிக்கும் ஆகும், கையளவு பெட்டிக்கு ஆகாது. வெறுமனே காய்ந்ததுதான் என்றால் தப்பித்தீர்கள்: தண்ணீர் தெளித்து, நனைத்துப் பிழிந்த பழைய துண்டில் அரைமணி நேரம் சுற்றி வையுங்கள். அவசரத்தில் வாளித் தண்ணீரில் மூழ்கப் போட்டுவிடாதீர்கள். நிறைய ஊறிய ஓலை உப்பிவிடும். உப்பிய ஓலையில் எவ்வளவு நெருக்கி முடைந்தாலும், மறுநாள் காய்ந்து சுருங்கும்போது இடைவெளி விடும்.

உங்கள் ஓட்டைக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். பனையோலையின் இதழ் அடியில் அகலம், நுனி போகப் போக ஒடுக்கம். அதை அப்படியே நீளவாக்கில் கிழித்தால் கீற்றும் ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் ஒல்லியாகவும் வரும். அந்த ஒல்லிப் பக்கங்கள் ஒன்றாகச் சேர்கிற இடத்தில்தான் ஓட்டை. வார்ந்து பழகியவர்கள் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு நுனியைத் தள்ளிவிடுவார்கள். கண்ணளவில் வராதவர்கள் ஒரு மரத்துண்டில் இரண்டு பிளேடுகளை வேண்டிய இடைவெளியில் பொருத்தி அதில் ஓலையை இழுத்தால் எல்லாம் ஒரே அகலத்தில் வரும். உங்களுக்கு இப்போதைக்கு அதுதான் நல்லது.

மடக்கில் வெடிப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன். சாய்வாக முடைகிற பெட்டியில், சதுரமாக வந்து நிற்கிற அடியின் முனைகள்தான் பெட்டியின் மூலைகள் என்று முதலில் எல்லோரும் நினைத்து அங்கேயே மடக்குவார்கள். பெட்டியின் மூலை விழுவது சதுரத்தின் பக்கங்களுடைய நட்டநடுவில். நடுவில் இருக்கிற இரண்டு கீற்றுகளை ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே போட்டு இழுத்தால் அடி தானாக எழும்பி நிற்கும். அந்த இடத்தில் நகத்தால் அழுத்தி மடிக்கக் கூடாது. ஈரவிரலால் நீவிக்கொண்டே திருப்பவேண்டும். மூலை எழுந்ததும் துணி உலர்த்தும் கிளிப் ஒன்றை மாட்டிவிட்டு அடுத்த மூலைக்குப் போங்கள்.

இப்போது அடுத்த வகுப்புக்கு வருவோம். மேக்ரமேயும் குரோஷாவும் நல்ல வேலைகள்தான், ஆனால் நீங்கள் இந்த வருஷம் அதில் சேரவேண்டாம் என்பேன். மாதம் ஒரு கைவேலை என்று ருசி பார்த்துக்கொண்டே போகிறவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். அலமாரியில் அரைகுறைப் பொருள்கள் சேருகின்றன, விரலில் ஒன்றும் சேருவதில்லை. கடிதத்தில் உங்கள் ஆச்சியைப் பற்றி எழுதிய வரிகளில் இருக்கிற ஏக்கம் மேக்ரமேயைப் பற்றிய வரியில் இல்லை. ஆசை எங்கே இருக்கிறதோ அங்கேயே ஒரு வருஷமாவது நில்லுங்கள்.

இதைப் படிக்கிற மற்ற வாசகிகளுக்காக ஒரு வார்த்தை. எந்த நார்வேலை வகுப்பில் சேருவதானாலும், காசு கட்டும் முன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: மூலப்பொருளைப் பக்குவப்படுத்துவதைச் சொல்லித்தருவீர்களா? சொல்லித்தருகிறவர் அதைத் தொழிலாகச் செய்கிறவரா? பத்தமடைப் பாயை எடுத்துக்கொள்ளுங்கள். தறியில் உட்காருவதற்கு முன்னால் கோரையைக் கீறி, உலர்த்தி, ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, மறுபடி உலர்த்தி, மயிரிழையாகக் கிழிக்கிற வேலை இருக்கிறது. பட்டுப்பாய் என்று பெயர் வாங்கித் தந்ததே அந்தக் கிழிப்புத்தான். கோரையைத் தொடாமல் பருத்திப் பாவில் நாலு வரி ஓட்டிவிட்டு வருவது பாய் நெசவு கற்றதாகாது. முட்டுக்காடு தட்சிணசித்ராவில் கைவினைஞர்களே உட்கார்ந்து செய்து காட்டுவதைப் பார்க்கலாம், பயிற்சிகளும் நடப்பதுண்டு. சென்னையில் இருப்பவர்களுக்கு அது பக்கம்.

உங்களுக்கு நான் சொல்வது வேறு. ஊருக்குப் போங்கள். செந்தூர் எக்ஸ்பிரஸ் தாம்பரத்திலேயே நிற்கிறது. சாத்தான்குளம், உடன்குடி வட்டாரத்தில் கருப்பட்டிக்கும் கருவாட்டுக்கும் பெட்டி முடைந்த கைகள் இன்னும் இருக்கின்றன. திருச்செந்தூருக்குத் தெற்கே மணப்பாட்டில் பெண்கள் கூட்டுறவுச் சங்கமே வைத்துப் பனையோலைப் பொருள்கள் செய்திருக்கிறார்கள். உங்கள் கிராமத்திலேயே ஆச்சியோடு உட்கார்ந்து முடைந்த யாராவது ஒரு பெரியம்மா, சித்தி இருப்பார். உறவினர் ஒருவரிடம் விசாரித்தால் ஒரு நாளில் தெரிந்துவிடும். ஒரு வாரம் தங்குகிற மாதிரிப் போங்கள்.

அங்கே போய் எப்படிக் கற்பது என்று ஒன்றிரண்டு சொல்கிறேன். அவர்கள் விளக்கிச் சொல்லமாட்டார்கள். "இப்படித்தாம்மா" என்று செய்துகாட்டிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விடுவார்கள். நீங்கள் முடைந்ததைக் கையில் வாங்கி, ஒரு வார்த்தை பேசாமல் பாதியைப் பிரித்துவிட்டுத் திருப்பித் தருவார்கள். மனம் சுருங்காதீர்கள், அந்தப் பிரிப்பில்தான் பாடம் இருக்கிறது. பிரித்த கை எந்த வரியில் நின்றது, அங்கே என்ன தப்பு என்று பாருங்கள். அப்புறம், எதிரே உட்காராதீர்கள். எதிரே இருந்து பார்த்தால் வலமும் இடமும் மாறித் தெரியும். அவருக்குப் பக்கத்தில், தோளோடு தோளாக உட்கார்ந்தால் அவர் கை போகிற பக்கம் உங்கள் கையும் போகும். வீடியோ பார்த்துப் பழகுகிற பலர் குழம்பிப்போவதும் இதனால்தான்.

காசு விஷயத்தில் கூச்சப்படாமல் முதல் நாளே பேசிவிடுங்கள். சென்னையில் நான்கு மணி நேரத்துக்கு 1,800 ரூபாய் கொடுத்தீர்கள். அறை வாடகை, மேசை, தேநீர் எல்லாம் போக அதில் ஓலைக்காரப் பெண்ணின் கைக்கு எவ்வளவு போயிருக்கும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும். கருப்பட்டிப் பெட்டிக்கு வியாபாரி கொடுக்கும் விலையில் வாழ்க்கை நடத்தியவர்கள் இவர்கள். உங்களோடு உட்காருகிற நாள்களில் அவர் முடையாமல் விட்ட பெட்டிகளுக்கான கூலியும், அதற்கு மேல் சொல்லித்தருவதற்கான கட்டணமும் சேர்த்துக் கொடுங்கள். "சொந்தம்தானே" என்று அவர் மறுத்தாலும் கொடுங்கள். படம் எடுக்க வேண்டுமானால் கேட்டுவிட்டு எடுங்கள்.

ஓலை வெட்டும்போதும் கூட இருந்து பாருங்கள். மரம் ஏறுகிறவர்கள் குறைந்துவிட்டதால் முன்கூட்டியே சொல்லி வைக்கவேண்டியிருக்கும். ஒரே மரத்தில் திரும்பத் திரும்பக் குருத்தை எடுத்தால் மரம் நலிந்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும், அவர்கள் எடுக்கிற அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பனையை வேரோடு சாய்க்க ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்ததே, செங்கல் சூளைக்கு அவ்வளவு மரங்களை வாரிக்கொடுத்த பிறகு வந்த ஏற்பாடு அது.

முதலில் பெட்டிகூட வேண்டாம், உட்காருகிற சின்னப் பாய் மாதிரி ஒரு தடுக்கு முடையுங்கள். ஓரம் நேராக வரும்வரை அதுதான். பிறகு மூடி இல்லாத சின்னப் பெட்டி, ஒரே அளவில் ஒரு பத்து. அளவை மாற்றினால் முன்னேறினோமா இல்லையா என்று தெரியாது. சாயம், பூ வேலை எல்லாம் அப்புறம். மட்டை நாரில் முடைகிற நார்ப்பெட்டி அழகுதான், வலுவும் அதிகம், ஆனால் அந்த நார் விரலை அறுக்கும். அதற்கு இப்போது போகாதீர்கள். அலுப்புத் தட்டினால் நடுவில் ஒரு கிலுகிலுப்பை செய்யுங்கள், உள்ளே நாலு கல்லைப் போட்டு. பேரப்பிள்ளைகள் இருந்தால் முதல் ரசிகர்கள் அவர்கள்தான்.

வயதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எழுபதைத் தாண்டியவர்கள் திண்ணையில் உட்கார்ந்து முடைகிற வேலைக்கு 56 ஒரு வயதா? பதமான ஓலை விரலுக்கு நோகாது. வார்கிறபோதுதான் கட்டைவிரல் வலிக்கும், அதனால் வார்வதையும் முடைவதையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள். தரையில் சம்மணம் போட முடியாவிட்டால் தாழ்வான மேசை போதும். விளக்கு வெளிச்சத்தைவிட ஜன்னல் வெளிச்சம் கண்ணுக்கு நல்லது.

விற்பதைப் பற்றி இப்போது யோசிக்கவேண்டாம். பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிற யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது, ஒரு மாற்றத்தோடு: சொல்லித்தருகிறவர் ஊரிலிருந்து வருகிற அந்தப் பெரியம்மாவாக இருக்கட்டும். பயணச்செலவு, கட்டணம், ஓலை, வருகிறவர்களின் பட்டியல் எல்லாவற்றையும் நீங்கள் பாருங்கள், கணக்குத்தான் உங்களுக்குக் கைவந்த வேலையாயிற்றே. செட்டிநாட்டில் கொட்டான் என்கிற ஓலைக்கூடை முடைவது அநேகமாக நின்றேபோகிற நிலைக்கு வந்தபோது, விசாலாட்சி ராமசாமி தொடங்கிய அறக்கட்டளை, தெரிந்த ஆச்சிகளைத் தேடிப் பிடித்து இளம் பெண்களுக்குச் சொல்லித்தர வைத்தது. இன்று செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. முடையத் தெரிந்தவருக்கு உரிய மரியாதையும் கூலியும் கிடைக்கும்படி ஒருவர் நின்று பார்த்துக்கொண்டதால் நடந்தது அது. உங்களாலும் சிறிய அளவில் அது முடியும்.

உங்கள் கணவருக்கு: கருப்பட்டியைப் பாதி பிளாஸ்டிக் டப்பாவிலும் பாதி ஓலைப்பெட்டியிலும் போட்டு ஒரு மாதம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். டப்பாவில் இருப்பது வியர்த்துப் பிசுபிசுக்கும். ஓலைக்குள் காற்று போய்வரும், அதனால்தான் உடன்குடிக்காரர்கள் பெட்டியில் அடைத்தார்கள்.

கடைசியாக, போகிற காலம். ஐப்பசி, கார்த்திகை மழையில் போகாதீர்கள், ஓலை காயாது, பூசணம் பிடித்துவிடும். தை பிறந்ததும் கிளம்புங்கள், வெயிலும் இருக்கும், இரவில் பனியும் இருக்கும். திரும்பி வரும்போது ஓலையை ஈர்க்கு எடுத்து, நன்றாகக் காயவைத்து, சுருட்டிப் பழைய வேட்டியில் கட்டிக் கொண்டுவாருங்கள். பாலித்தீன் பையில் மட்டும் போட்டுவிடாதீர்கள். உள்ளே கொஞ்சம் ஈரம் இருந்தாலும் தாம்பரம் வந்து சேருவதற்குள் கரும்புள்ளி விழுந்துவிடும். வீட்டில் அதைப் பரணில் ஏற்றாமல், காற்றோட்டமான இடத்தில் ஆணியில் தொங்கவிட்டு, வேண்டிய கீற்றுகளை மட்டும் அன்றன்றைக்கு நனைத்து எடுத்துக்கொள்ளுங்கள்.