ஒருவருக்குத் தலைவலி வந்தால் மொத்தக் குழுவும் திரும்ப வேண்டுமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பத்துப் பேராக உத்தராகண்ட் இமயமலையில் சீக்கியர்களின் புனிதத் தலமான ஹேம்குண்ட் சாகிப் ஏரிக்கு நடந்து போகிறீர்கள். வழியில் ஒருவருக்குத் தலைவலி, வாந்தி என்று வந்தால் எல்லாரும் திரும்ப வேண்டுமா, இல்லை மெதுவாகக் கூட்டிப்போய் ஏரியைக் காட்டிவிட்டு வந்துவிடலாமா என்று கேட்கிறீர்கள். டிக்கெட் போட்டு, ரூம் போட்டு, எல்லாரையும் கிளப்பியவர் நீங்கள்தான் என்று நினைக்கிறேன். 'இவ்வளவு தூரம் வந்துட்டுப் பாக்காம போறதா' என்று யாராவது ஆரம்பித்தால் முதலில் முகம் வாடுவது ஏற்பாடு செய்தவருக்குத்தான். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

இது உயரம் ஏற ஏறக் காற்று மெலிவதால் வரும் உயர நோயாக இருக்கலாம். எல்லாரும் திரும்பத் தேவையில்லை. உடம்பு சரியில்லாதவரும் அவரோடு தெம்பாக உள்ள ஒருவரும் திரும்ப வேண்டும். அவரைத் தனியாக அனுப்பக் கூடாது. 'இங்கயே உட்காரு, போயிட்டு வந்துடறோம்' என்று வழியில் ஒரு டீக்கடையில் உட்கார வைத்துவிட்டுப் போகவும் கூடாது. நான் அப்படி ஒருவரோடு பாதி வழியில் திரும்பியவள். அதற்காக இன்றுவரை சொந்தக்காரர்களிடம் பேச்சு வாங்குகிறவள்.

என் கொழுந்தன் மாரத்தான் ஓடுகிறவன். அவனும் நானும் இன்னும் சிலரும் ஹேம்குண்டையும் அதன் அருகிலுள்ள பூக்களின் பள்ளத்தாக்கையும் பார்க்கப் போனோம். நேரம் போதாது என்று ஹேம்குண்டை முதலில் வைத்திருந்தார்கள். சமவெளியிலிருந்து வந்து ஜோஷிமட் என்ற மலை ஊரில் ஓர் இரவு, ஏற்றம் தொடங்கும் கிராமமான காங்காரியாவில் ஓர் இரவு, மறுநாள் விடிகாலை ஏற்றம். காங்காரியாவே சுமார் 3,000 மீட்டர் உயரம். அங்கிருந்து ஏரிக்கு 6 கிலோமீட்டர்தான் என்றாலும் அதற்குள் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறியாக வேண்டும்.

அவன் ஆரம்பத்திலேயே எங்களை விட்டு வெகுதூரம் முன்னால் போய்விட்டான். பிரம்ம கமலம் பூத்துக் கிடக்கும் சரிவுக்கு நாங்கள் வந்தபோது ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தான். "தலை வலிக்குது அண்ணி, காலைல சரியா சாப்பிடல, அதான்" என்றான். கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்தான். குளிருது என்று ஜாக்கெட்டை மூடப் போனான். ஜிப்பின் ஒரு முனையை மறு முனையில் நுழைக்கப் பார்க்கிறான், போகவில்லை. திரும்பத் திரும்ப அதையே செய்கிறான். கை தவறுகிறது என்பதே அவனுக்கு உறைக்கவில்லை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது அப்போதுதான். எழுந்து, ஒரு காலின் குதிகால் மறு காலின் விரலைத் தொடும்படி நேர்கோட்டில் நடந்து காட்டச் சொன்னேன். பாதையில் பாவியிருந்த கல்லின் ஓரத்தையே கோடாக வைத்து நடந்தான். இரண்டு அடி வைத்ததும் இடப்பக்கம் சாய்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டான்.

கூட வந்தவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் "இன்னும் ஒரு கிலோமீட்டர்கூட இல்ல, கோவேறு கழுதைல ஏத்தி விட்டுடலாம், மேல போய் ரெஸ்ட் எடுக்கட்டும்" என்றார்கள். கழுதை மேல் உட்கார்ந்தால் காலுக்கு வேலை மிச்சம். மேலே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 சதவீதம்தான், உட்கார்ந்து போனாலும் நடந்து போனாலும் மூச்சுக்குக் கிடைப்பது அதேதான். அவனும் "நான் நல்லாத்தான் இருக்கேன், நீங்க போங்க அண்ணி" என்றான். அந்த நிலையில் இருப்பவரின் வார்த்தையை எடுத்துக்கொள்ளவே கூடாது. நான் அவன் கையைப் பிடித்துக் கீழே இறங்க ஆரம்பித்துவிட்டேன். மற்றவர்கள் மேலே போனார்கள், அதில் எனக்கு வருத்தமில்லை. காங்காரியா வந்து சில மணி நேரத்தில் தலைவலி விட்டது. சாயங்காலம் அவனே சாப்பாடு கேட்டான், நேராகவும் நடந்தான்.

சிகரம் என்றால் அது தூரத்திலேயே தெரிகிறது, எவ்வளவு பாக்கி என்று கண்ணே சொல்லிவிடும். மலை ஏரி பெரும்பாலும் அப்படியில்லை. பழைய பனியாறு பாறையைக் குடைந்து கிண்ணம் போல ஒரு குழி ஆக்கி, முன்பக்கம் ஒரு விளிம்பை விட்டுப் போயிருக்கும், அந்தக் குழியில் நிற்கும் தண்ணீர்தான் ஏரி. அதனால் அந்தக் கடைசிச் செங்குத்தை ஏறி முடிக்கும் வரை தண்ணீர் கண்ணிலேயே படாது. 'இதோ இந்த மேட்டைத் தாண்டினா வந்துடும்' என்ற பேச்சு ஏரிக்குப் போகும் எல்லாப் பாதையிலும் கேட்கும். உடம்புக்கு மோசமாகும் இடமும் அந்த மேடுதான். ஹேம்குண்டில் கடைசியில் குறுக்குவழியாக ஏற நூற்றுக்கணக்கான கல்படிகள் வேறு.

உயர நோயை எடைபோட உலகம் முழுவதும் மருத்துவர்கள் வைத்திருக்கும் அளவுகோலுக்குக் கனடாவில் உள்ள ஒரு மலை ஏரியின் பெயர்தான், லேக் லூயிஸ். 2018-இல் திருத்தியபடி தலைவலி, வயிற்றுக் கோளாறு, சோர்வு, தலைச்சுற்றல் ஆகிய நான்குக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். உயரம் ஏறிய பிறகு தலைவலி இருந்து, கூட்டினால் 3 வந்துவிட்டது என்றால் உயர நோய்தான். அதற்கு மேல் ஏறக் கூடாது. நடை தள்ளாடினாலோ பேச்சு குழறினாலோ மூளையில் வீக்கம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்கினால் நுரையீரலில் நீர் கோர்க்கிறது. இந்த இரண்டிலும் உடனே இறங்க வேண்டும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஹேம்குண்டில் இரவு தங்கவும் இடம் கிடையாது, பிற்பகலில் எல்லாரையும் இறக்கிவிடுவார்கள்.

'நீ என்ன டாக்டரா, குழந்தைகளும் எழுபது வயதுப் பாட்டிகளும் ஏறிப் போகிறார்களே' என்று சிலர் கேட்பீர்கள். நான் டாக்டர் இல்லை. அவர்கள் போகிறார்கள், நல்லபடியாகத் திரும்பியும் வருகிறார்கள், அந்தப் பக்தியை நான் குறை சொல்லவே மாட்டேன். யாரும் போகாதீர்கள் என்றும் சொல்லவில்லை. யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத ஒன்று இது. உடற்பயிற்சி இதிலிருந்து காப்பாற்றாது என்பதைத்தான் ஒரு மாரத்தான்காரனை வைத்துச் சொல்கிறேன். திடமானவர்கள் வேகமாக ஏறிவிடுவதால் அவர்களுக்கு ஆபத்து கூடவும் செய்யலாம்.

இதையும் சொல்லாமல் விட மனசு வரவில்லை. அந்தப் பயணத்துக்குப் பதிவு செய்யும்போது ஏஜென்ட் என்னிடம் இசிஜி கேட்டார், டாக்டர் சர்ட்டிஃபிகேட் கேட்டார், கடைசியில் வீட்டுக்காரர் போன் நம்பரும் கேட்டார், அவருக்குச் சம்மதமா என்று உறுதிப்படுத்திக்கொள்ள. கொழுந்தனிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆதார் நகல் மட்டும் போதுமாம். நாற்பது தாண்டிய பெண் சொந்தச் சம்பளத்தில், சொந்த லீவில் எங்காவது கிளம்பினால் அவளுக்குப் பொறுப்பாக இன்னொருவர் கையெழுத்து வேண்டும் என்று இவர்களுக்கு யார் சொன்னது? அன்று அந்தப் பையனுக்குப் பொறுப்பாக நின்றது யார்? ஊருக்கு வந்தால் அத்தையும் "சாமி வாசல் வரை போய்த் திரும்பிட்டீங்களே" என்றார். அவர் பிள்ளை நடந்து வீட்டுக்குள் வந்தான், எனக்கு அது போதும். ஏரியை நான் இன்னும் பார்க்கவில்லை. ஒரு நாள் பார்ப்பேன்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முந்தின இரவே காங்காரியாவில் எல்லாரையும் இரண்டிரண்டு பேராகப் பிரித்து, யார் திரும்பினால் கூட யார் திரும்புவது என்று பேர் சொல்லி முடிவு செய்துவிடுங்கள். பாதையில் வைத்துப் பேசினால் ஒத்துவராது. உயர நோயைத் தடுக்கப் போடும் டயமாக்ஸ் மாத்திரை போடுவதானால் கிளம்பும் முன்பே மருத்துவரைக் கேளுங்கள், சல்ஃபா அலர்ஜி இருப்பவர்கள் அதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பயணத் திட்டத்தை மாற்ற முடியுமானால் பூக்களின் பள்ளத்தாக்கை முதல் நாளும் ஹேம்குண்டை மறுநாளும் வையுங்கள். பள்ளத்தாக்கு அவ்வளவு உயரமில்லை, காங்காரியாவில் இன்னோர் இரவு தூங்கி எழுந்த உடம்போடு ஏறலாம்.