வக்கீல் அம்மா பதில்கள்: பஞ்சாபின் விறகு ரசீதுகள்

(இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சீக்கியர்கள் கேட்கும் நீதியைப் பற்றியவை. அதனால் சொத்து, ஜீவனாம்சக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டேன். அனுப்பியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.)

கேள்வி: கனடாவின் பிராம்ப்டனில் ஒரு சீக்கியக் குடும்பத்தின் வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். ஜூன், நவம்பர் வந்தால் வீட்டுக்காரர் குடும்பத்தோடு ஊர்வலத்துக்குப் போய்விடுகிறார். நம்மவர்களோ, ‘அதெல்லாம் காலிஸ்தான் விவகாரம், பக்கத்தில் போகாதே’ என்கிறார்கள். நாற்பது வருஷம் கழித்து இவர்கள் என்னதான் கேட்கிறார்கள்?
— வாசகர், பிராம்ப்டன்

பதில்: அந்த ஊர்வலத்தில் காலிஸ்தான் என்ற சீக்கியத் தனிநாடு கேட்பவர்கள் இருப்பார்கள். அதில் துளியும் விருப்பம் இல்லாத, அண்ணனையோ அப்பாவையோ பறிகொடுத்தவர்களும் இருப்பார்கள். உங்கள் வீட்டுக்காரர் யார் என்பதை அவரிடமே கேட்டுவிடுங்கள். ஒரே கூரையின் கீழ்தானே இருக்கிறீர்கள்.

ஜூன் என்றால் 1984 ஜூன். பொற்கோயில் வளாகத்துக்குள் இருந்த ஆயுதக் குழுவை வெளியேற்ற ராணுவம் நுழைந்தது. சீக்கிய குருமார்களில் ஒருவரான அர்ஜன் தேவின் நினைவு நாளுக்காக வந்திருந்த பக்தர்களும் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். சீக்கியர்களின் உயர்ந்த சமய பீடமான அகால் தக்த் சிதைந்தது, வளாகத்தில் இருந்த சீக்கிய ஆதார நூலகம் அழிந்தது. நவம்பர் என்றால் இந்திரா காந்தி சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு டில்லியில் நடந்த படுகொலை. டில்லியில் மட்டும் 2,733 பேர் என்பது அரசே ஒப்புக்கொண்ட எண்ணிக்கை. இந்த இரண்டும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

நம் பத்திரிகைகளில் அதிகம் வராதது மூன்றாவது கணக்கு. 1984 தொடங்கி 1995 வரை பஞ்சாப் கிராமங்களில் போலீஸ் பிடித்துக்கொண்டு போய், திரும்பி வராத ஆட்களின் கணக்கு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அமிர்தசரஸில் ஜஸ்வந்த் சிங் கல்ரா என்று ஒருவர். கூட்டுறவு வங்கியில் இயக்குநர். தனக்குத் தெரிந்த ஒருவர் காணாமல் போனதும் தேடிப் புறப்பட்டார். தேடல் சுடுகாட்டில் போய் முடிந்தது. கேட்பாரற்ற பிணம் என்று போலீஸ் கொண்டுவந்து கொடுத்தால், நகராட்சிதான் விறகு வாங்கி எரிக்க வேண்டும். நகராட்சி செலவு செய்தால் கணக்கு இருக்கும். எந்தத் தேதியில் எத்தனை உடல், கொண்டுவந்த போலீஸ்காரர் யார், விறகுக்கு எவ்வளவு என்று எல்லாம் பதிவேட்டில் இருந்தது. சில வரிகளில் இறந்தவரின் பெயரும், அப்பா பெயரும், ஊரும்கூட எழுதியிருந்தது. பெயரும் ஊரும் தெரிந்த உடல் எப்படிக் கேட்பாரற்றதாகும்? அந்த ஊரில் ஒரு தாய் காவல் நிலைய வாசலில் நின்று கேட்டுக்கொண்டுதானே இருந்தாள்!

பட்டி, தரன் தாரன், அமிர்தசரஸின் துர்கியானா கோயில் சுடுகாடு ஆகிய மூன்று இடங்களின் பதிவேடுகளை அவர் திரட்டினார். 1995 ஜனவரியில் பத்திரிகைகளுக்கு வெளியிட்டார். உயர் நீதிமன்றத்துக்கும் போனார். வழக்குப் போட உங்களுக்கு என்ன தகுதி என்று மனுவைத் தள்ளிவிட்டார்கள். அன்றைய டி.ஜி.பி. கே.பி.எஸ். கில் சொன்ன விளக்கத்தை உங்கள் வீட்டுக்காரர் இன்னும் மறந்திருக்க மாட்டார். காணாமல் போனதாகச் சொல்லப்படும் இளைஞர்கள் பொய்ப் பெயரில் வெளிநாடு போய் வேலை பார்க்கிறார்கள் என்றார் அவர். கனடாவிலும் இங்கிலாந்திலும் இருந்த உறவுக்காரர்கள் அதைக் கேட்டபோது அவர்கள் வயிறு எப்படி எரிந்திருக்கும்! தங்கள் பக்கத்தில் அப்படி யாரும் வந்து இறங்கவில்லை என்பது அவர்களுக்குத்தானே நன்றாகத் தெரியும்.

அதே 1995ல் கல்ரா கனடாவுக்குப் போய் இதைப் பேசினார். இங்கேயே தங்கிவிடுங்கள் என்று பலரும் கெஞ்சினார்கள். அவர் ஊருக்குத் திரும்பினார். செப்டம்பர் 6 அன்று வீட்டு வாசலில் காரைக் கழுவிக்கொண்டிருந்தவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. மனைவி பரம்ஜித் கவுர் உச்ச நீதிமன்றம் வரை போனதால்தான் சி.பி.ஐ. விசாரணையே வந்தது. கல்ராவைக் கடத்திக் கொன்ற வழக்கில் போலீஸ்காரர்கள் ஆறு பேர் 2005ல் தண்டிக்கப்பட்டார்கள். மேல்முறையீடுகள் முடிந்து ஐந்து பேரின் தண்டனையை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது 2011ல்.

அவர் சொன்ன கணக்கு பொய்யா? சி.பி.ஐ.யே அந்த மூன்று சுடுகாடுகளில் மட்டும் 2,097 சட்டவிரோத எரிப்புகளை உறுதி செய்தது. 585 பேர் முழுமையாக அடையாளம் தெரிந்தவர்கள், 274 பேர் அரைகுறையாக. 1,238 பேர் யார் என்றே தெரியவில்லை. அந்த 1,238 பேரின் பெயரையும், எல்லோரையும் கொன்றவர்களின் பெயரையும்தான் அவர்கள் கேட்கிறார்கள். இதைக் கேட்க ஒருவர் எந்தக் கொடியையும் பிடிக்க வேண்டியதில்லை.

கேள்வி: 1984 டில்லி படுகொலைக்குப் பிரதமரே மன்னிப்புக் கேட்டாயிற்று. முன்னாள் காங்கிரஸ் எம்.பி. சஜ்ஜன் குமாருக்கு ஆயுள் தண்டனை. நஷ்டஈடும் கொடுத்தாயிற்று. இன்னும் ஏன் கிளற வேண்டும்?
— மதுரை வாசகர்

பதில்: டில்லியில் வக்கீல் தொழில் பார்த்த காலத்தில் திலக் விஹாருக்குப் போயிருக்கிறேன். 1984ல் கணவனை இழந்த பெண்களுக்கு அரசு வீடு கொடுத்துக் குடியமர்த்திய இடம். ஒரு மூதாட்டி அலமாரியிலிருந்து பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்து என் மடியில் வைத்தார். விசாரணை கமிஷனுக்குக் கொடுத்த பிரமாணப் பத்திரத்தின் நகல் அது. மடித்த இடங்களில் கிழிந்து, பின்பக்கம் டேப் ஒட்டியிருந்தது. கும்பலை நடத்தி வந்தவர்களின் பெயர்களைக் கையால் அடிக்கோடிட்டு வைத்திருந்தார். அந்தப் பெயர்களைக் காவல் நிலையம் எழுதிக்கொள்ளவே இல்லை என்றார். அவர் ஒருவருக்கு மட்டும் நடந்ததல்ல இது. பல கொலைகளை ஒரே முதல் தகவல் அறிக்கையில் மொத்தமாகச் சுருட்டி வைத்த கதை அந்த வழக்குகளில் நிறைய உண்டு.

மன்மோகன் சிங் 2005ல் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் சஜ்ஜன் குமாரை விசாரணை நீதிமன்றம் 2013ல் விடுவித்திருந்தது. ராஜ்நகரில் ஐந்து பேர் கொல்லப்பட்ட அந்த வழக்கில் டில்லி உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது 2018 டிசம்பரில். 34 வருஷம்! இன்னொரு வழக்கில், அப்பாவும் மகனும் கொல்லப்பட்டதற்காக, 2025ல் மறுபடியும் ஆயுள் தண்டனை. இதற்குள் எத்தனை சாட்சிகள் செத்துப்போயிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

2018 தீர்ப்பை எழுதிய அமர்வில் இருந்தவர் நீதிபதி எஸ். முரளிதர், சென்னையில் வக்கீல் தொழிலைத் தொடங்கியவர். அந்தத் தீர்ப்பை ஆழ்ந்து படிக்க வேண்டும். இனப்படுகொலையும் மானுடத்துக்கு எதிரான குற்றங்களும் நம் குற்றவியல் சட்டத்தில் தனிக் குற்றங்களாகவே இல்லை, இந்த ஓட்டையை உடனே அடைக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். அப்புறம் புதிய தண்டனைச் சட்டமே வந்துவிட்டது, 2024 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஓட்டை மட்டும் அப்படியே இருக்கிறது. எனக்கு இதில் கோபம் அதிகம்.

பஞ்சாப் நஷ்டஈட்டுக்கு வருகிறேன். உச்ச நீதிமன்றம் விஷயத்தைத் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் அனுப்பியது. ஆணையம் அந்த மூன்று சுடுகாடுகளைத் தாண்டிப் பார்க்க மறுத்துவிட்டது. போலீஸ் காவலில் இருந்தவர் என்று ஒப்புக்கொள்ளப்பட்டால் குடும்பத்துக்கு 2.5 லட்சம் ரூபாய். உடலை விதிமுறை மீறி எரித்தது மட்டும் நிரூபணமானால் 1.75 லட்சம். யார் கொன்றது என்ற கேள்விக்குள் போகவே இல்லை. மற்ற மாவட்டங்களில் காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்கு அதுவும் கிடையாது. பணத்தை வாங்கிக்கொண்டு வாயை மூடு என்று சொன்னால் எந்தத் தாய் ஒத்துக்கொள்வாள், நீங்களே சொல்லுங்கள்.

கேள்வி: கனடாவிலோ அமெரிக்காவிலோ வழக்குப் போட்டு இந்திய அரசைக் கூண்டில் ஏற்ற முடியாதா? சர்வதேச நீதிமன்றம் எதற்கு இருக்கிறது?
— சட்டக் கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: முடியாது என்பதுதான் பெரும்பாலும் பதில். ஒரு நாட்டு அரசை இன்னொரு நாட்டின் சாதாரண நீதிமன்றத்தில் நிறுத்த முடியாதபடி அரசுகளுக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. ஹேக்கில் உள்ள சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை. சேர்ந்திருந்தாலும் அந்த நீதிமன்றம் 2002 ஜூலைக்கு முந்தைய குற்றங்களைத் தொடாது. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 1997லும், காணாமல் ஆக்கப்படுவதற்கு எதிரான உடன்படிக்கையில் 2007லும் கையெழுத்துப் போட்ட இந்தியா இரண்டையும் இன்னும் உறுதிப்படுத்தவில்லை. 1984ஐ ஒட்டி சோனியா காந்தி மீது நியூயார்க்கில் போடப்பட்ட வழக்கும் 2014ல் தள்ளுபடியானது. கதவுகள் இப்படி ஒவ்வொன்றாக மூடியதால்தான் புலம்பெயர்ந்த சீக்கியர்கள் சட்டமன்றங்களின் பக்கம் திரும்பினார்கள். 2017ல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணச் சட்டமன்றம் 1984 படுகொலையை இனப்படுகொலை என்று தீர்மானம் போட்டது. இந்திய அரசு அதை நிராகரித்தது. அந்தத் தீர்மானத்தால் யாரும் சிறைக்குப் போக மாட்டார்கள். அது அரசியல் அறிவிப்பு, அவ்வளவுதான்.

இன்னொரு வழி, தாங்கள் வாழும் நாட்டு அரசிடமே கணக்குக் கேட்பது. 2014ல் லண்டனில் ரகசியக் கோப்புகள் வெளியானபோது, பொற்கோயில் நடவடிக்கைக்கு முன்பே பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ஒருவர் இந்தியா வந்து ஆலோசனை சொன்னது தெரியவந்தது. பிரிட்டிஷ் சீக்கியர்கள் விட்டுவிடவில்லை, அரசு விசாரித்து அறிக்கை வைக்க வேண்டியிருந்தது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜக்தார் சிங் ஜோஹல் 2017ல் பஞ்சாபில் கைது செய்யப்பட்டார். சித்திரவதை செய்தார்கள் என்று அவர் சொல்கிறார், இந்திய அதிகாரிகள் மறுக்கிறார்கள். அவரைச் சிறையில் வைத்திருப்பது தன்னிச்சையானது என்று ஐ.நா. குழு 2022ல் சொன்னது. அவருக்காகவும் குடும்பம் லண்டனைத்தான் நெருக்குகிறது.

2023 ஜூனில் கனடாவின் சர்ரேயில் குருத்வாரா வளாகத்தில் ஹர்தீப் சிங் நிஜ்ஜார் சுட்டுக்கொல்லப்பட்டது வேறு வகை. இந்தியா அவரைப் பயங்கரவாதி என்று அறிவித்திருந்தது. கொலைக்குப் பின்னால் இந்திய அரசின் ஆட்கள் இருப்பதாகக் கனடா குற்றம்சாட்டியது, இந்தியா மறுக்கிறது. நான்கு பேர் மீது வழக்கு இருக்கிறது. குற்றம் கனடா மண்ணில் நடந்ததால் அந்த நாட்டு நீதிமன்றமே விசாரிக்கலாம். தீர்ப்புக்கு முன் நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

கேள்வி: ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானத்தில் 329 பேரைக் கொன்ற கூட்டத்துக்கு மனித உரிமை பேச என்ன யோக்கியதை இருக்கிறது?
— கோவை வாசகர்

பதில்: 1985 ஜூன் 23 அன்று சீக்கியத் தீவிரவாதிகள் அந்த விமானத்தைக் குண்டு வைத்துத் தகர்த்தது கொடூரம். 1987ல் பஞ்சாபின் லால்ருவில் பேருந்தை நிறுத்தி இந்துப் பயணிகளைச் சுட்டதும் கொடூரம். இதில் ‘ஆனால்’ போட்டு எழுத எனக்கு மனம் வராது. கொன்றவன் கூட்டம் வேறு, சமூகம் வேறு என்பதை மட்டும் மறக்காதீர்கள். தாரா சிங் ஹேயர் சர்ரேயில் பத்திரிகை நடத்திய சீக்கியர். கனிஷ்கா வழக்கில் சாட்சி சொல்ல முன்வந்தவர். 1998ல் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவரும் நீங்கள் சொல்லும் ‘கூட்டம்’தானா? கனிஷ்காவில் இறந்தவர்களின் குடும்பங்களும் கனடா அரசை விடாமல் கேள்வி கேட்டு, கோட்டைவிட்டது அரசுதான் என்று 2010ல் விசாரணை கமிஷனையே சொல்லவைத்தார்கள். பிரதமர் மன்னிப்புக் கேட்டார். அவர்களுக்கு உள்ள அதே உரிமை தரன் தாரனில் மகனைத் தேடும் தாய்க்கும் உண்டு.

கேள்வி: வணக்கம் அம்மா. நான் தஞ்சாவூர்ப் பெண். பஞ்சாபிக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு சர்ரேயில் இருக்கிறேன். மாமியாரின் தம்பியை 1992ல் அமிர்தசரஸ் மாவட்டத்தில் போலீஸ் கூட்டிக்கொண்டு போனது, திரும்பவே இல்லை. மாமியாருக்கு இப்போது 78 வயது. போவதற்குள் ஏதாவது தெரிய வேண்டும் என்கிறார். இனி என்ன செய்ய முடியும்?
— பெயர் வேண்டாம்

பதில்: உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், அம்மா. செய்ய முடிந்தது இருக்கிறது. 1993ல் தரன் தாரனில் நடந்த போலி என்கவுன்ட்டர்களுக்காக, ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரிகளுக்கு மொகாலி சி.பி.ஐ. நீதிமன்றம் 2025ல் ஆயுள் தண்டனை கொடுத்திருக்கிறது. காலம் கடந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதே. கொலை வழக்குக்குக் காலக்கெடு கிடையாது.

முதலில் மாமியாரை உட்காரவைத்துப் பேசவிடு, போனில் பதிவு செய். பஞ்சாபியிலேயே பேசட்டும். எந்த மாதம், பகலா இரவா, வந்தவர்கள் சீருடையில் இருந்தார்களா, எந்த ஜீப், எந்தக் காவல் நிலையம், கூட யாரைப் பிடித்தார்கள், யார் பார்த்தார்கள், பிறகு யாரிடம் போய்க் கேட்டார்கள், யாராவது பணம் வாங்கினார்களா. நடுவில் திருத்தாதே. தேதி தெரியாவிட்டால் எந்த அறுவடை, எந்தப் பண்டிகை என்று கேள், வந்துவிடும். பார்த்ததையும் பிறர் சொல்லக் கேட்டதையும் தனித்தனியாகக் குறித்து வை. அன்று அனுப்பிய தந்தி, மனு, ரேஷன் கார்டு, புகைப்படம் எதையும் தூக்கிப் போடாதே.

அமிர்தசரஸ் மாவட்டம் என்பதால், மேலே சொன்ன 2,097 பேரில் அடையாளம் தெரிந்தவர்களின் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் இருந்து இயங்கும் என்சாஃப் என்ற அமைப்பு கிராமம் கிராமமாகப் போய் 5,000க்கு மேற்பட்டவர்களின் விவரத்தைப் பதிவு செய்திருக்கிறது. அங்கே கேள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட இந்தியக் குடியுரிமை வேண்டும். நீ கனடாக் குடியுரிமை வாங்கிவிட்டாய் என்றால் ஊரில் உள்ள உறவினர் பெயரில்தான் போட முடியும். ஏழு வருஷம் தகவலே இல்லாதவரை இறந்தவராகக் கருதச் சட்டம் இடம் தருகிறது, நில விவகாரம் ஏதாவது நின்றிருந்தால் அது உதவும். ஆனால் அந்த மனுவில் ‘தானாக வீட்டை விட்டுப் போனார்’ என்று எழுதச் சொன்னால் கையெழுத்துப் போடவிடாதே. போலீஸ் கூட்டிப்போனது என்றே இருக்கட்டும். பின்னால் வழக்கென்று வந்தால் அந்த ஒரு வரியைத்தான் எதிர்த்தரப்பு வக்கீல் தேடிப் பிடிப்பார்.

ஊரில் சாட்சி சொல்லக்கூடியவர் யாராவது உயிரோடு இருந்தால், அவர் சம்மதம் இல்லாமல் பெயரை எங்கேயும் வெளியிடாதே. அவர் இருப்பது அந்த ஊரிலேயே, அதே காவல் நிலையத்தின் எல்லையில்.