‘குளம்’ என்று தேடினால் ‘குளத்தில்’ வராது – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் தந்தை சிற்றிதழ்களில் எழுதிய கட்டுரைகளை வேர்ட்பிரஸ் (இணையதளம் நடத்த உதவும் மென்பொருள்) தளமொன்றில் ஏற்றிவருகிறேன். கண்மாய், குளம், கோயில், ஊர்ப்பெயர், நூல் மதிப்புரை எல்லாம் கலந்து 640 பதிவுகள் ஆகிவிட்டன. வகைகள் (category) 47, குறிச்சொற்கள் (tag) 900க்கு மேல். அப்படியும் ‘குமிழித்தூம்பு (ஏரி நீரைத் திறந்துவிடும் பழைய மதகு) பற்றி ஐயா எழுதியது எங்கே இருக்கிறது?’ என்று வாரம் ஒருவராவது கேட்கிறார். தேடுபெட்டியில் ‘குளம்’ என்று போட்டால் பாதிக் கட்டுரைகள் வருவதே இல்லை. வகைப் பட்டியலை இணைத்திருக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது?

ம.க., சிவகங்கை

அன்புள்ள ம.க.,

உங்கள் பட்டியலில் ‘மதிப்புரை’, ‘ஏரி’, ‘சிவகங்கை’ மூன்றும் வகைகளாக அடுத்தடுத்து நிற்கின்றன. முதலாவது எழுத்தின் வடிவம், அடுத்தது பொருள், மூன்றாவது இடம். சிவகங்கைக் கண்மாய்களைப் பற்றிய நூலுக்கு எழுதிய மதிப்புரையை எதில் வைப்பது? ஒருநாள் மூன்றிலும் வைப்போம், இன்னொரு நாள் ஒன்றில் மட்டும். வாசகர் எந்தக் கதவைத் திறந்தாலும் பாதிதான் கிடைக்கும்.

சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர்.ரங்கநாதன், 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்புமுறையில் இந்த முடிச்சைத்தான் அவிழ்த்தார். ஒரு நூலை ஒரே மரத்தின் ஒரே கிளையில் தொங்கவிடாமல் பொருள், இடம், காலம் என்று தனித்தனி முகங்களாகப் பிரித்து, முக்காற்புள்ளியால் கோத்தார். பெயரே அதிலிருந்து வந்ததுதான். உங்கள் தளத்துக்கும் அதுவே போதும். வகை என்பது வடிவத்துக்கு மட்டும்: கட்டுரை, மதிப்புரை, பயணக்குறிப்பு, நேர்காணல், உரை, கடிதம். எட்டுக்கு மேல் தேவைப்படாது. ஒரு பதிவுக்கு ஒரே வகை. பொருள், ஊர், ஆள், காலம் எல்லாம் குறிச்சொற்கள்.

மாற்றும்போது வரிசை முக்கியம். முதலில் தரவுத்தளத்தைப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். பதிவுப் பட்டியலை ‘ஏரி’ வகைக்கு வடிகட்டி, அனைத்தையும் தேர்ந்து, மொத்தத் திருத்தத்தில் (bulk edit) குறிச்சொல்லைச் சேருங்கள். அதன் பிறகுதான் அந்த வகையை நீக்க வேண்டும். வகையை நீக்கினால் பதிவு அழியாது. வேறு வகை இல்லாத பதிவு, இயல்பு வகைக்குப் (default category) போய்ச் சேரும். அதனால் முன்கூட்டியே ‘பிரிக்க வேண்டியவை’ என்றொரு வகையை உருவாக்கி, அதையே இயல்பு வகையாக வைத்துவிடுங்கள். அநாதையாகும் பதிவுகள் எல்லாம் அங்கே வந்து சேர்ந்திருக்கும்.

ஒரே ஒரு பதிவு உள்ள குறிச்சொல் முட்டுச்சந்து. அழுத்தியவர் படித்த கட்டுரைக்கே திரும்பி வருவார். குறிச்சொல் பக்கத்தில் எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்தி, மூன்று பதிவுகூட இல்லாதவற்றைக் களையுங்கள். வாசகர்கள் பெயர் சொல்லிக் கேட்பவை மட்டும் விதிவிலக்கு, குமிழித்தூம்பு அப்படிப்பட்டது. ஏரி, ஏரிகள், கண்மாய், கம்மாய் என்று நான்கு வேண்டாம். உங்கள் மண்ணின் சொல் கண்மாய், அதுவே இருக்கட்டும். வடக்கே இருந்து வருபவர் ஏரி என்றுதான் தேடுவார். அவருக்கு வழிகாட்டுவது அட்டவணையின் வேலை, பின்னால் சொல்கிறேன்.

இனி தேடுபெட்டி. வேர்ட்பிரஸின் இயல்பான தேடல் நீங்கள் அடித்த எழுத்து வரிசையை அப்படியே தேடும். தமிழில் சொல் உருமாறுவது அதற்குத் தெரியாது. ‘குளம்’ என்றால் குளத்தில், குளங்கள், குளக்கரை எதுவும் சிக்காது. ‘குள’ என்று வெட்டிப் போட்டால் குளவியும் குளிரும் கூடவே வரும். இதற்கு எளிய மருந்து, பதிவின் சுருக்கப் பகுதி (excerpt). தேடல் அதையும் படிக்கும். ஒவ்வொரு பதிவுக்கும் இரண்டு வரிச் சுருக்கம் எழுதி, அதில் முக்கியச் சொற்களை வேற்றுமை உருபு இல்லாமல் வையுங்கள்: குமிழித்தூம்பு, மடை, கலிங்கு, குளம். 640க்கும் எழுதுவது பெரிய வேலைதான். ஆனால் தேடலைச் சரிசெய்ய இதைவிட உறுதியான வழி வேறில்லை.

பழைய எழுத்துருக்களிலிருந்து ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றிய பதிவுகளில் இன்னொரு குழி உண்டு. ‘கொ’வின் குறி ஒரே எழுத்தாகவும் இருக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் இருக்கலாம். கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும், தேடலுக்கு வேறு வேறு. ஒகர, ஓகாரக் குறிகளைத் தரவுத்தளத்தில் ஒரே மூச்சில் தேடி மாற்றிவிடலாம். ஆனால் ‘கௌரி’யைக் கொம்பும் ளகரமும் போட்டு ‘கெளரி’ என்று அடித்திருப்பதை மொத்தமாக மாற்றவே கூடாது. கெளுத்தி மீனும் சேர்ந்து சிதைந்துவிடும். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் திருத்த வேண்டும்.

பதிவின் இணைய முகவரியிலும் கவனம் வேண்டும். வேர்ட்பிரஸ் ஒரு பதிவின் முகவரிப் பெயருக்கு 200 இடம்தான் தரும். தமிழின் ஒவ்வொரு எழுத்தும், புள்ளி உட்பட ஒவ்வொரு குறியும், தலா ஒன்பது இடம் பிடிக்கும். ‘சிவகங்கை மாவட்டக் கண்மாய்கள்’ என்று தொடங்கும் தலைப்பு ‘கண்மாய’ என்பதோடு, யகரத்தின் புள்ளிகூட இல்லாமல் அறுந்துபோகும். இப்படித் தலைப்பிட்ட தொடரின் பன்னிரண்டு பகுதிகளும் ஏறக்குறைய அங்கேயே அறுந்து, வால்களில் -2, -3 என்று ஒட்டிக்கொண்டு நிற்கும். புதிய பதிவுகளுக்கு ஆங்கில எழுத்தில் மூன்று நான்கு சொற்களுக்குள் முகவரி கொடுங்கள். ஏற்கெனவே பிறர் இணைப்புக் கொடுத்துள்ள பழைய முகவரிகளைத் தொடாதீர்கள்.

தொடர்களுக்கு ஒவ்வொரு பகுதியின் அடியிலும் முந்தையது, அடுத்தது, முழுப் பட்டியல் என்று மூன்று இணைப்புகளை நீங்களே கொடுங்கள். வார்ப்புரு (theme) தானாகத் தரும் இணைப்பு பெரும்பாலும் தேதியைத்தான் பின்பற்றும். நடுவில் ஏற்றிய மதிப்புரைக்கு இழுத்துச் சென்றுவிடும்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள். கையால் எழுதும் ஒரு பொருள் அட்டவணைப் பக்கத்திலிருந்து. மாதவாரிச் சேமிப்பகம் யாருக்கும் பயன்படாது. நீங்கள் ஏற்றிய மாதம் வாசகருக்கு எப்படித் தெரியும்? அட்டவணையில் நீர்நிலை, கோயில், ஊர்ப்பெயர் என்று தலைப்பிட்டு, ஒவ்வொரு இணைப்புக்கும் பக்கத்தில் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள். ‘ஏரி – காண்க: கண்மாய்’ போன்ற வரிகள் இங்கேதான் வர வேண்டும். அகரவரிசையைக் கணினியிடம் விட்டால் கண்ணால் சரிபாருங்கள். ஒருங்குறியின் அடுக்கு ர, ற, ல, ள, ழ, வ என்று போகும், நம் நெடுங்கணக்கு அப்படி இல்லை. பக்கம் தயாரானதும் முகப்பின் மேல்பட்டையில் அதை முதல் இணைப்பாக வையுங்கள்.

வாசகர்கள் உங்களிடம் கேட்கும் சொற்களை அவர்கள் கேட்டபடியே ஒரு நோட்டில் குறித்துவாருங்கள். அட்டவணையின் தலைப்புகள் அவைதான். முதல் வரி குமிழித்தூம்பாக இருக்கட்டும்.