டைல்ஸ் வேலைக்குப் போகலாமா, ஐடிஐ சேரலாமா?

கேள்வி: என் தம்பிக்கு 19 வயது. பிளஸ் டூ முடித்து பி.காம். சேர்ந்தான், ஒரே வருடத்தில் நின்றுவிட்டான். எங்கள் சித்தப்பா திருவண்ணாமலையில் வீடுகளுக்கு டைல்ஸ் போடுகிறார். அவரோடு வேலைக்குப் போகிறேன் என்கிறான். கடைசிவரை தினக்கூலியாகவே இருந்துவிடுவானோ என்று அம்மா பயப்படுகிறார். டைல்ஸுக்கே விடலாமா, இல்லை ஐடிஐயில் எலக்ட்ரீஷியனோ பிளம்பரோ படிக்க வைக்கலாமா?

பதில்: தாராளமாக அனுப்பலாம். ஆனால் உங்கள் அம்மாவின் பயத்தில் நியாயம் இருக்கிறது. இருபது வருடம் வீடு கட்டும் இடத்திலேயே இருந்தும் தினக்கூலியைத் தாண்டாதவர்கள் நிறையப் பேர். அவர்களில் பலர் கைவேலையில் கெட்டிக்காரர்கள். அளவெடுத்து, பொருள் கணக்குப் போட்டு, வேலைக்கு விலை சொல்ல மட்டும் யாரும் கற்றுத்தரவில்லை. பிளஸ் டூ படித்த பையனுக்கு இது கஷ்டமே இல்லை. முதல் நாளிலிருந்தே பழக வேண்டும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். 12 அடிக்கு 10 அடி அறை, 120 சதுர அடி. இரண்டுக்கு இரண்டு டைல் ஒன்று 4 சதுர அடி, ஆக 30 டைல். வெட்டுச் சேதாரத்துக்கு 3 சேர்த்தால் 33. அப்புறம் ஸ்கர்ட்டிங், அதாவது தரையை ஒட்டிச் சுவரின் அடியில் ஓடும் பட்டை. அறையின் சுற்றளவு 44 அடி, கதவுக்கு மூன்றரை அடி கழித்தால் 40 அடி சொச்சம். ஒரு டைலை 4 அங்குலப் பட்டையாக வெட்டினால் 6 பட்டை, அதாவது 12 அடி கிடைக்கும். 40 அடி சொச்சத்துக்கு 4 டைல் வேண்டும். மொத்தம் 37. பெட்டிக்கு 4 டைல் என்றால் 10 பெட்டி வாங்க வேண்டும். மிஞ்சும் மூன்றை வீட்டுக்காரரைப் பத்திரமாக வைக்கச் சொல்ல வேண்டும், பின்னால் ஒன்று உடைந்தால் அதே ஷேடு கிடைக்காது. இந்தக் கணக்கை வீட்டுக்காரர் முன்னால் நின்று சொல்லத் தெரிந்தவரிடம்தான் அடுத்த வேலைக்கு ஆள் வரும். ஒவ்வொரு வேலையிலும் சித்தப்பா போடும் கணக்கைத் தம்பி ஒரு நோட்டில் எழுதிவரட்டும்.

சித்தப்பாவிடம் இப்போதே வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். முதல் ஆறு மாதம் கலவை போடுவது, டைல் தூக்குவது, ஜாயிண்ட் துடைப்பதுதான் வேலை. அதில் குறையொன்றும் இல்லை, கலவையின் பதம் பிடிபடுவது அங்கேதான். ஆனால் ஒரு வருடம் கழிந்தும் கட்டிங் மெஷினைத் தொடவிடவில்லை, ஓர் அறையைத் தனியாகப் போடவிடவில்லை என்றால் வேறு மேஸ்திரியிடம் போவதே நல்லது. சொந்தக்காரர் என்பதால் இதைப் பின்னால் கேட்கச் சங்கடமாக இருக்கும். சம்பளமும் அப்படித்தான். வாராவாரம் கையில் வர வேண்டும், 'நம்ம பையன்தானே' என்று நிறுத்திவைக்கக் கூடாது.

இளைஞர்களுக்கு இந்தத் தொழிலில் ஒரு நல்ல வாய்ப்பு திறந்திருக்கிறது. இப்போது எல்லாரும் கேட்பது இரண்டுக்கு நாலு போன்ற பெரிய விட்ரிஃபைட் டைல்கள். இவை 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் உறிஞ்சாது. வெறும் சிமெண்ட் பாலை நம்பிச் சுவரில் ஒட்டினால் பிடிப்பு போதாமல் சில வருடங்களில் கழன்று விழலாம். டைல் ஒட்டும் பசையான அட்ஹெசிவைக் கலந்து, பல் வைத்த கரண்டியால் சீராக இழுத்து, டைலின் முதுகிலும் தடவி ஒட்ட வேண்டும். காய்ந்தபின் மரக்கைப்பிடியால் தட்டினால் எங்குமே பொத்தென்ற சத்தம் வரக் கூடாது. பழைய கைகள் பலர் இந்த முறைக்கு இன்னும் முழுதாக மாறவில்லை. தம்பி இதைச் சுத்தமாகக் கற்றால் வேலை தேடி அலைய வேண்டியிருக்காது.

டைல்ஸ்காரர் பெயர் கெடுவது பெரும்பாலும் பாத்ரூமில். சுவருக்குள் போகும் பைப்புக்கு டைல் ஒட்டும் முன்பே பிரஷர் டெஸ்ட் செய்திருக்க வேண்டும். பள்ளமாக விட்ட தளத்தில் வாட்டர்புரூஃபிங் முடிந்ததும் ஒரு நாளாவது தண்ணீர் தேக்கி, கீழே கசிகிறதா என்று பார்க்க வேண்டும். டைல் போட்ட பிறகு ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் மூலையில் தேங்காமல் முழுதும் டிராப்புக்கு, அதாவது தண்ணீர் வெளியேறும் துளைக்கு, ஓட வேண்டும். பிளம்பர் செய்த தப்புக்கும் கடைசியில் டைலைத்தான் உடைப்பார்கள். அதனால் டைல்ஸோடு பிளம்பிங்கும் தெரிந்தவருக்கு மதிப்பு கூடுதல். பாத்ரூம் முழுவதையும் ஒரே ஆளாகப் பொறுப்பேற்க முடியும். என்னைக் கேட்டால் உங்கள் தம்பிக்கு இதுதான் பொருத்தமான பாதை.

ஐடிஐயில் பிளம்பர் படிப்பு ஒரு வருடம், எலக்ட்ரீஷியன் இரண்டு வருடம். அரசு ஐடிஐயில் கல்விக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் பஸ் பாஸும் உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவன் என்றால் மாதம் 1,000 ரூபாய் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் இடம் உண்டா என்று ஐடிஐயிலேயே விசாரியுங்கள். சேர்க்கை தொடங்கும்வரை சித்தப்பாவோடு போகட்டும். வெயிலிலும் தூசியிலும் மூன்று மாதம் நின்ற பிறகும் பிடித்திருந்தால் பிளம்பர் படிப்புக்கு விண்ணப்பியுங்கள், விடுமுறை நாட்களில் டைல்ஸ் தொடரட்டும். ஒரு வருடம் அதிகம் என்று தோன்றினால், காஞ்சிபுரத்தில் எல் அண்ட் டி நடத்தும் கட்டுமானத் திறன் பயிற்சி நிலையத்தில் குறுகிய காலப் பயிற்சிகள் இருக்கின்றன.

எலக்ட்ரீஷியன் வேலையைக் கூடவே போய்க் கற்றுக்கொண்டால் போதும் என்று நினைக்காதீர்கள். அதற்கு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் சான்று வேண்டும். மின்கம்பி உதவியாளர் தேர்வு, மின்கம்பியாளர் சான்று, மேற்பார்வையாளர் சான்று என்று படிப்படியாகப் போகும். சான்றில்லாமல் ஸ்விட்ச் மாட்டிக் காலம் தள்ளலாம், ஆனால் ஒரு வீட்டு வயரிங்குக்குச் சொந்தப் பெயரில் கையெழுத்துப் போட முடியாது. படிப்பில் பொறுமை உள்ள பையனுக்கு அது நல்ல தொழில். கல்லூரியை விட்டு நின்றவனை உடனே இரண்டு வருடம் உட்கார வைக்க முடியுமா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

உடம்பைப் பற்றி அம்மா கேட்டிருக்க மாட்டார், நான் சொல்லியே ஆக வேண்டும். டைலை உலர வெட்டும்போது கிளம்பும் தூசியில் சிலிக்கா இருக்கிறது. வருடக்கணக்கில் உள்ளே போனால் நுரையீரல் கெடும், கெட்டால் திரும்பச் சரியாகாது. தண்ணீர் விட்டுத்தான் வெட்ட வேண்டும். நல்ல மாஸ்க், முழங்காலுக்குப் பேட், சிமெண்டுக்குக் கையுறை, இந்த மூன்றையும் முதல் மாதச் சம்பளத்திலேயே வாங்கிக் கொடுங்கள். மற்றவர்கள் கிண்டல் செய்வார்கள், செய்யட்டும்.

18 வயது முடிந்துவிட்டதால் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்திலும் பதிவு செய்யுங்கள். விபத்து, திருமணம், பிள்ளைகள் படிப்பு, 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் என்று பல உதவிகள் அதில் வரும். கட்டுமானச் செலவில் ஒரு சதவீதம் நல வரியாக வசூலாவதே இதற்காகத்தான்.

சிங்கப்பூர், வளைகுடா என்று யாராவது ஆசை காட்டினால் அவசரப்பட வேண்டாம். சிங்கப்பூர் கட்டுமான வேலைக்குத் திறன் தேர்வில் தேர வேண்டும், கைத்தொழில் தெரிந்து போனால்தான் அதில் லாபம். ஏஜென்ட் மத்திய அரசிடம் பதிவு பெற்றவரா என்று இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். சேவைக் கட்டணமாக அவர் வாங்கக்கூடியது 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான்.

தம்பி தனியாக முதல் வேலை எடுக்கும்போது முழு வீட்டை ஒப்புக்கொள்ள வேண்டாம், ஒரு பாத்ரூம் போதும். எத்தனை சதுர அடி, சதுர அடிக்கு என்ன கூலி, ஸ்கர்ட்டிங் ஓடும் அடிக்கு எவ்வளவு, டைல் இடைவெளியை அடைக்கும் எபாக்ஸி ஜாயிண்ட் யார் செலவு, டைலை மாடிக்கு ஏற்றும் கூலி யாருடையது என்று எல்லாவற்றையும் எழுதி, வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கலவை போடட்டும். கடைசியில் சொன்ன ஏற்றுக்கூலியில்தான் அதிகம் சண்டை வரும்.